கடல் தாண்டிய புள்ளிமான்

அந்தமான் காடுகளில் மான் இருந்ததில்லை. புலி, சிறுத்தை, யானை, நரி, குரங்கு எதுவுமே இருந்ததில்லை. தரையில் திரியும் பெரிய விலங்கு என்று அங்கே சொல்லிக்கொள்ள இருந்தது காட்டுப்பன்றி ஒன்றுதான். அதைவிட்டால் மரநாய், மூஞ்சூறு, எலி, வௌவால். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக அந்தத் தீவுகளின் காட்டுக்கு அந்தக் கடல்தான் வேலி. அந்த வேலியை ஒரு காலத்தில் சிலர் கப்பலில் வந்து திறந்துவிட்டார்கள். அந்த வழியாக நுழைந்த ஒரு விலங்கு தீவு தீவாக நீந்தி, காடு காடாக நடந்து, கடைசியில் குடியானவரின் கீரைப்பாத்திக்கு வந்து சேர்ந்தது. அதன் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் இன்று கொல்லையைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர் யாருடைய கடனைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது விளங்கும்.

பயணம் தொடங்கிய இடம் ராஸ் தீவு. இப்போது அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். 2018 டிசம்பரில் மாற்றினார்கள். போர்ட் பிளேர் துறைமுகத்தின் வாயிலில், அபர்தீன் கரையிலிருந்து பார்த்தால் எட்டிப்பிடிக்கலாம் போலத் தெரியும் சின்னஞ்சிறு தீவு. 1858 மார்ச்சில் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். அதன் பிறகு ஆங்கிலேய ஆட்சியின் தலைமையிடமாக அமைந்தது இந்தத் தீவுதான். காட்டை வெட்டியவர்கள் கைதிகள். வெட்டிய இடத்தில் தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டிக்கூடம், அச்சகம், நடனக்கூடம் எல்லாம் எழுந்தன. எதிர்க்கரையில் செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிந்தது. இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் சங்கிலி.

அந்தப் புல்வெளிக்கு அழகாகவும், துப்பாக்கிக்கு இலக்காகவும், தட்டுக்கு இறைச்சியாகவும் வேண்டும் என்று பெருநிலத்திலிருந்து புள்ளிமான்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் நடந்தது இது. மயிலும் மைனாவும் சிட்டுக்குருவியும் அவர்கள் கொண்டுவந்தவைதான். ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்ந்தவர்கள் தங்களுக்குப் பழகிய உயிர்களைக் கண்முன்னே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அது எவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது என்று அன்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கேளையாடும் பாடா மானும்கூடக் கொண்டுவந்து விடப்பட்டன. பாடா மான் நிலைக்கவில்லை, கேளையாடு பெருகவில்லை. புள்ளிமான் மட்டும் வேரூன்றிவிட்டது.

ஏன் அது மட்டும்? கிண்டியிலும் சென்னை ஐஐடி வளாகத்திலும் புள்ளிமானைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை பாதி தெரிந்திருக்கும். விடுதிக் கட்டடத்தின் நிழலில் படுத்து அசைபோடவும், சாலை விளக்கின் கீழே புல் மேயவும் அதற்குக் கூச்சமில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், ஆள் நடமாட்டத்தின் நடுவே அது நின்றுகொண்டிருக்கும். புல் இருந்தால் புல் தின்னும். இல்லாவிட்டால் இலை, கொழுந்து, உதிர்ந்த பூ, பழம், அதுவும் இல்லாவிட்டால் பட்டை. இன்ன பருவத்தில்தான் ஈனும் என்றில்லை, ஆண்டு முழுவதும் குட்டி போடும். சினைக்காலம் ஏழு மாதமும் கொஞ்சமும். பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. ஒன்றுதானே என்று தோன்றும். அந்த ஒன்றை எடுத்துக்கொள்ள யாருமே இல்லாத இடத்தில் கணக்கு வேறாகிவிடுகிறது. முதுமலையில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் புள்ளிமானை நம்பித்தான் பிழைக்கின்றன. அங்கே மரத்தின் மேலிருக்கும் மந்தி குரல் கொடுத்தால் கீழே மான்கூட்டம் காதை விடைத்துக்கொள்ளும். அந்தமானில் அந்தக் குரலும் இல்லை, அதற்கான தேவையும் இல்லை.

இன்னொன்று, புள்ளிமான் நன்றாக நீந்தும். ராஸ் தீவுக்கும் தெற்கு அந்தமானுக்கும் இடைப்பட்ட நீர் அதற்கு ஒரு தடையே அல்ல. தெற்கு அந்தமானை அடைந்துவிட்டால் வழி தானாகத் திறந்துகொள்ளும். பெரிய அந்தமான் என்பது வரைபடத்தில் ஒரே நீண்ட நிலம்போலத் தெரிந்தாலும், அலையாத்திக் காடு சூழ்ந்த குறுகலான உப்பங்கழிகள் அதைத் துண்டுபோடுகின்றன. தெற்கு அந்தமானுக்கும் பாராதாங்குக்கும் நடுவே ஒன்று, பாராதாங்குக்கும் நடு அந்தமானுக்கும் நடுவே ஒன்று, நடு அந்தமானுக்கும் வட அந்தமானுக்கும் நடுவே ஆஸ்டின் கழி. பாலங்கள் வருவதற்கு முன் பேருந்தைப் படகில் ஏற்றிக் கடத்திய இடங்களை மான் எந்த ஏற்பாடும் இல்லாமல் கடந்தது. வேட்டைக்கென்றும் அழகுக்கென்றும் மனிதர்களே சில தீவுகளுக்கு அதை எடுத்துப்போயும் விட்டார்கள். நீந்தியது பாதி, சுமந்தது பாதி.

ஜாரவா மக்களின் காட்டுக்குள்ளும் அது போயிற்று. அந்தமான் பழங்குடிகளின் வேட்டை பன்றியையும் மீனையும் ஆமையையும் சுற்றி அமைந்தது. தேன், கிழங்கு, பழம் எல்லாம் அந்த உணவில் உண்டு, மான் இல்லை. அந்த விலங்கையே அறியாத மக்களின் நடுவே, அவர்களைக் கேட்காமல் வந்து குடியேறிய அன்னியர்களில் மானும் ஒன்று.

மான் வந்ததன் விளைவை முதலில் கவனித்தவர்கள் வன அலுவலர்கள். அந்தமான் வனத்துறை 1883இல் தொடங்கியது, சாத்தம் மர அறுவை ஆலையும் அதே ஆண்டுதான். அந்தமானின் பெருமை படாக் மரம். செந்நிற வைரம் பாய்ந்த அந்த மரத்துக்கு உலகச் சந்தையில் விலை உண்டு. வெட்டிய இடத்தில் அது மறுபடி முளைத்து வளர்ந்தால்தான் தொழில் நிற்கும். படாக் கன்று மானுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முளைத்துத் தலைநீட்டும் கொழுந்தைக் கடித்துவிடும். மீண்டும் துளிர்க்கும், மீண்டும் கடிக்கும். நான்கைந்து முறை இப்படி நடந்தால் கன்று கைவிட்டுவிடும். வெட்டப்பட்ட காட்டில் படாக் நட்டு வளர்க்க மான்வேலி வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தமானில் மானுக்கென்று போடப்பட்ட முதல் வேலிகள் வீட்டுத் தோட்டத்துக்கானவை அல்ல, மரக்கன்றுகளுக்கானவை. ஓர் அரசு கொண்டுவந்த விலங்குக்கு அதே அரசு வேலி போட்டது என்ற அளவில் அதில் ஒரு நியாயமாவது இருந்தது.

பிறகு வேறொரு யோசனையும் நடைமுறைக்கு வந்தது. மானைத் தின்ன ஆளில்லை என்பதுதானே சிக்கல், தின்னும் விலங்கைக் கொண்டுவந்து விடலாம் என்று 1950களின் தொடக்கத்தில் இரண்டு சிறுத்தைகளை அந்தமான் காட்டில் விட்டார்கள். இரண்டும் பெண். இனம் பெருகவில்லை, அவற்றோடு அந்த முயற்சியும் முடிந்தது. முடிந்ததே நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். தரையில் கூடு கட்டும் பறவைகளும், பகைவிலங்கை அறியாத சிற்றுயிர்களும் வாழும் தீவில் சிறுத்தை பெருகியிருந்தால், மானை மட்டும்தான் அது தேடிப் போயிருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஒரு தவற்றைத் திருத்த அதே வகைத் தவற்றைச் செய்யும் இந்த வழக்கத்தை உலகின் பல தீவுகளில் பார்க்கலாம்.

சிறுத்தைகள் வந்த அதே காலத்தில்தான் மனிதர்களும் பெருமளவில் வந்துகொண்டிருந்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. குடும்பத்துக்குப் பத்து ஏக்கர்: நெல்லுக்கு ஐந்து ஏக்கர் சமவெளி, தென்னை, பாக்கு, பழமரங்களுக்கு ஐந்து ஏக்கர் மேட்டு நிலம். பின்னர் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ராஞ்சிப் பகுதியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். காட்டை ஒட்டிக் கிடைத்த நிலத்தில் இவர்கள் போட்ட கொல்லைகள்தான் மானின் அடுத்த தங்குமிடம். பயறு, வெண்டை, கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி, வாழைக்கன்று, இளம் பாக்குக் கன்று என்று காட்டில் தேடி அலைய வேண்டிய இளந்தளிர் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக நட்டு, நீரூற்றி வைக்கப்பட்டிருந்தன.

மான்வேலி போடுவது வேறெங்கும் இருப்பதைவிட அந்தமானில் கடினம். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கடற்காற்றில் உப்பு. இரும்புக் கம்பி பெருநிலத்தில் நிற்கும் காலத்தில் பாதிகூட அங்கே நிற்காது, துரு தின்றுவிடும். மரக்கால் நட்டால் கரையான். கம்பியும் கம்பும் கப்பலில் வர வேண்டியவை என்பதால் விலையும் கூடுதல். இதனால் கைக்குக் கிடைப்பதைக் கொண்டு வேலி கட்டும் திறமை அங்கே வளர்ந்திருக்கிறது. மூங்கிலைப் பிளந்து நெருக்கமாகக் கட்டுவது ஒன்று. பாக்கு மரத்தைப் பிளாச்சாகக் கீறி நடுவது ஒன்று. கடலில் உழைத்து ஓய்ந்த நைலான் மீன்வலையைக் கொல்லையைச் சுற்றி இழுத்துக் கட்டுவது இன்னொன்று. கிளைரிசிடியா போத்துகளை வரிசையாக ஊன்றினால் அவையே வேர்விட்டு உயிருள்ள கால்களாகிவிடும். கரையானுக்கும் துருவுக்கும் அவை அஞ்ச வேண்டியதில்லை. இலை மாட்டுக்கும் உரத்துக்கும் உதவும், தண்டில் மிளகுக்கொடி ஏறும். அந்தமான் மழைக்கு இதைவிடப் பொருத்தமான வேலிக்கால் எனக்குத் தெரியவில்லை.

வேலியைப் பற்றிப் பேசும்போது மானின் குணத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். தோள்வரை மூன்றடி உயரம்கூடத் தாண்டாத புள்ளிமான், துரத்தப்பட்டால் ஆளுயரம் தாவும். அமைதியாக மேய வரும்போது அது தாவுவதில்லை. வேலியை ஒட்டியே நடந்து அடியில் இடைவெளி தேடும். நாய் நுழையும் அளவு சந்து கிடைத்தால் தலையைத் தாழ்த்தி உள்ளே வந்துவிடும். ஆகையால் ஏழு அடி, எட்டு அடி உயரம் என்று மேலே செலவிடுவதற்கு முன் அடிப்பகுதியை நிலத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். சரிவு நிலத்தில் மழைநீர் அரித்த வாய்க்கால்தான் மானின் வாசல். உயர வேலிக்கு வசதியில்லாதவர்கள் மார்பளவு வேலிகள் இரண்டை நான்கைந்து அடி இடைவெளி விட்டுப் போடலாம். இரண்டையும் ஒரே தாவலில் கடக்க முடியுமா என்று மானால் கணிக்க முடிவதில்லை. நடுவில் இறங்க இடமும் போதாது, அதனால் பெரும்பாலும் முயல்வதில்லை. பார்வைக்கு மறைக்கும் வேலியும் பலன் தரும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் மான் குதிக்கத் தயங்கும். தமிழ்நாட்டில் பழைய சேலைகளைக் காட்டோரக் கொல்லைகளில் கட்டுவதன் பலன் இதுதான்.

முட்டைக் கரைசல் தெளிப்பதும், முடிதிருத்தகத்து முடியை வரப்பில் தூவுவதும், தகர டப்பாவைத் தொங்கவிடுவதும் சில நாள் பலிக்கும். மழை கழுவிவிடும், மான் பழகிவிடும். சூரிய மின்வேலி நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாரம் தவறாமல் புல்லையும் கொடியையும் அறுக்காவிட்டால், ஈரக்கொடி கம்பியைத் தொட்ட இடத்தில் மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தமான் மழைக்காலத்தில் கொடி வளரும் வேகம் எல்லோரும் அறிந்தது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுப்பது மட்டும் எந்த ஊரிலும் கூடாது. அதில் மானோடு மனிதரும் சாகிறார்கள்.

நம் பழைய இலக்கியத்தில் தினைப்புனத்துக்குக் காவல் இருப்பவர்கள் உண்டு. பரண் இருக்கும், கவண் இருக்கும், கிளியையும் யானையையும் பன்றியையும் விரட்டுவார்கள். அந்தப் புனங்கள் அந்த விலங்குகளின் மலையில் அமைந்தவை. காட்டை அழித்து விதைத்தவர் காட்டுயிருக்கு அஞ்சிக் கண்விழிப்பதில் ஒரு பொருத்தம் இருந்தது. அந்தமான் குடியானவரின் நிலை வேறு. காட்டை அழித்த பழி அவர் மேலும் உண்டுதான். ஆனால் அவர் விரட்டும் மான் அந்தக் காட்டுக்கு உரியது அல்ல. அவருக்கு அரை நூற்றாண்டு முன்னதாக வந்திறங்கிய இன்னொரு குடியேறி, அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு வேலி போடலாம், காட்டுக்கு யார் போடுவது? அந்தமானில் நீண்ட காலம் ஆய்வு செய்த ரௌஃப் அலி எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். புதுச்சேரியை அடுத்து இயங்கும் சூழலியல் அறக்கட்டளை ஒன்றை நிறுவியவர்களில் ஒருவர், 2016இல் மறைந்தார். கொண்டுவந்து விடப்பட்ட தாவர உண்ணிகள் அந்தமான் காட்டை என்ன செய்கின்றன என்ற அவருடைய கட்டுரை 2004இல் வெளிவந்தது. அதில் மானுக்கு ஒரு துணையும் உண்டு: யானை. 1951இல் பி.சி. ராய் நிறுவனம் வட அந்தமானில் மரம் வெட்ட உரிமம் பெற்றது. மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்தது. 1962 வாக்கில் நொடித்துப்போனபோது யானைகள் அப்படியே விடப்பட்டன. இன்டர்வியூ தீவில் அவை காட்டு யானைகளாகவே மாறிவிட்டன. யானை பெரிய மரத்தின் பட்டையை உரிக்கிறது, மரம் சாய்கிறது. சாய்ந்த இடத்தில் வெளிச்சம் விழுந்து கன்றுகள் முளைக்க வேண்டும். முளைத்தவற்றை மான் தின்றுவிடுகிறது. யானை தனியாக இருந்தாலோ மான் தனியாக இருந்தாலோ காடு ஓரளவு ஈடு கொடுக்கக்கூடும். இரண்டும் சேரும்போது பழைய மரமும் போய், அதன் இடத்துக்கு வர வேண்டிய கன்றும் போகிறது.

இதன் விளைவு பல்லி வரை போயிருக்கிறது. நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஹரிகிருஷ்ணன், சிவகுமார், கார்த்திகேயன் வாசுதேவன் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மான் இருக்கும் தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டது. மான் மிகுந்த இடங்களில் காட்டின் கீழடுக்குச் செடிகள் மெலிந்திருந்தன. அந்தச் செடிகளின் தண்டிலும் இலையிலும் உட்கார்ந்து இரை தேடும் பல்லிகளும் ஓணான்களும் அங்கே குறைந்திருந்தன. இவற்றில் பல, உலகில் அந்தமானைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. கொழுந்து தின்னும் மானுக்கும் பூச்சி தின்னும் பல்லிக்கும் நேரடியாக எந்தப் பகையும் இல்லை. ஆனாலும் ஒன்றின் பசி மற்றொன்றின் வீட்டைக் கலைத்துவிடுகிறது. காட்டுக்குள் நடப்பவருக்கு இது எளிதில் தென்படாது. மரங்கள் வானளாவ நிற்கும், பச்சைக்குக் குறைவில்லை, நடக்க வழியும் தாராளமாக இருக்கும். அந்தத் தாராளம்தான் நோயின் அறிகுறி.

இனி மானின் பயணத்தில் நான் மிகவும் வருந்தும் கட்டம்: சட்டப் புத்தகம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது. காக்கவும் வேண்டும், பெருநிலத்தில் அது இல்லாவிட்டால் புலி இல்லை. அதே காவல் அந்தமானிலும் அப்படியே விரிந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது, அயல்நாட்டு ஆக்கிரமிப்பு உயிரினங்களைக் கட்டுப்படுத்த முதல்முறையாக இடம் வைத்தார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல செய்தி என்று எண்ணி வரையறையைப் படித்தால், இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத உயிரினங்கள் என்றிருக்கிறது. புள்ளிமான் இந்தியாவுக்குச் சொந்தம், அந்தமானும் இந்தியாவுக்குச் சொந்தம். ஆகவே அந்தமான் காட்டைத் தின்னும் புள்ளிமான் இந்த வரையறைக்குள் வரவே வராது. நாட்டின் எல்லையை இயற்கையின் எல்லையாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. 1,360 கிலோமீட்டர் கடலுக்கு அந்த வாசகத்தில் இடமே இல்லை. தீவுகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு வேண்டும். ஒரு தீவுக்கு உரியது எது என்பதை அந்தத் தீவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இது பெரிய கோரிக்கை அல்ல.

இந்த ஓட்டை மானோடு நிற்கவில்லை என்பதற்கு அந்தமான் குளங்களே சாட்சி. நம் வயல்களில் முதல் மழைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, கழுத்துப் பைகளை நீலமாக ஊதி உரக்கக் கத்தும் பெருந்தவளையை எல்லோருக்கும் தெரியும். அதுவும் இந்தியாவுக்கு உரியது, அந்தமானுக்கு உரியதல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வளர்ப்புக் குளங்களுக்குப் பெருநிலத்திலிருந்து தருவித்த மீன்குஞ்சுகளோடு கலந்து அது வந்திருக்க வேண்டும் என்பது ஊர்மக்களைக் கேட்டு ஆய்வாளர்கள் கண்ட முடிவு. பிறகு தீவுக்குத் தீவு மீன்குஞ்சு போன வழியே இதுவும் போயிற்று. மானைக் கப்பலில் ஏற்றியவர்கள் தெரிந்தே ஏற்றினார்கள், தவளையை ஏற்றியவர்களுக்கோ தாங்கள் ஏற்றியதே தெரியாது. கோழிக்குஞ்சையும் வாத்துக்குஞ்சையும் விழுங்குகிறது என்று குடியானவர்கள் சொல்கிறார்கள். அதன் வயிற்றில் அந்தமானுக்கே உரிய சிற்றுயிர்கள் கிடைத்திருக்கின்றன. அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்பவை. மொஹந்தியும் ஜான் மீசியும் ஒரே நீரில் இரண்டையும் விட்டுப் பார்த்தபோது உள்ளூர்த் தலைப்பிரட்டை ஒன்றும் மிஞ்சவில்லை.

மானுக்காவது வலை கட்டலாம். குளத்துக்குள் வந்துவிட்ட தவளைக்கு வேலி இல்லை. வருவதற்கு முன்தான் தடுக்க முடியும். மீன்குஞ்சுப் பையை அப்படியே குளத்தில் கவிழ்க்காமல், வெள்ளை நிறத் தொட்டியில் ஊற்றி, வாலாட்டும் கரிய உருண்டைகள் ஏதும் இருக்கின்றனவா என்று பார்த்து, வலையால் மீனை மட்டும் அள்ளிக் குளத்தில் விட வேண்டும். பார்க்கும் கண்ணும் அரைமணிப் பொறுமையும் போதும், செலவில்லை.

உரிய இடத்திலேயே வாழும் விலங்கும் தோட்டத்துக்கு வரும்போது நாம் வேறு விதமாகத்தான் யோசிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய நிக்கோபாரிலும் சின்ன நிக்கோபாரிலும் கட்ச்சாலிலும் வாழும் நீள்வால் குரங்கு அந்த மண்ணுக்கே உரியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கடலோரத் தாழைகளை வாரிக்கொண்டு போனது. பிறகு அந்தக் குரங்குகள் தென்னந்தோப்புகளை நாடிவந்தன. அங்கே வேலியும் நாயும் காவலும் போதும், வேறெதுவும் கூடாது. தோட்டத்துக்கு வருகிறது என்பதற்காக ஒரு விலங்கைப் பகைவிலங்கு என்று சொல்லிவிட முடியாது. எங்கிருந்து, யார் கொண்டுவந்ததால் அது வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நம் புள்ளிமான் அந்தமானோடு நிற்கவில்லை. 1867இன் முடிவில் ஹாங்காங்கிலிருந்து ஹவாய் மன்னர் ஐந்தாம் கமேகமேகாவுக்குப் பரிசாகச் சில புள்ளிமான்கள் போயின. 1868இல் அவற்றை மொலோகாய் தீவில் விட்டார்கள். பின்னர் வேட்டைப்பிரியர்களுக்காக மற்றத் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். இன்று மாவியில் பண்ணைகளைச் சுற்றி மைல்கணக்கில் உயர வேலி, வறட்சிக் காலத்தில் பட்டினியால் சாகும் மந்தைகள். 2011இல் ஹவாயின் பெரிய தீவில் மான் தென்பட்டபோது, யாரோ ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டது தெரியவந்தது. அடுத்த ஆண்டே மானைத் தீவுக்குத் தீவு கொண்டுசெல்வதை அந்த மாநிலம் குற்றமாக்கியது. பெருகுவதற்குள் தேடித்தேடி அகற்றியும் விட்டார்கள். அது நடந்த வேகம்தான் நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அந்தமான் முழுவதிலும் உள்ள மான்களை இனி அகற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. கொல்வது பற்றிய பேச்சு வரும்போது என் மனமும் சுருங்கத்தான் செய்கிறது. புள்ளிமானைப் பார்த்து மகிழாத கண் ஏது? ஆனால் பல்லிக்கும் படாக் கன்றுக்கும் பரிந்து பேச ஒருவரும் இல்லையே என்பதும் அதே மனத்தைத் தைக்கிறது. சிறு தீவுகளிலிருந்து தொடங்கலாம். ஆளில்லாத, காடு இன்னும் உயிரோடிருக்கிற, சில பத்து மான்களே உள்ள தீவுகளில் பிடித்து அகற்றுவது கைக்கெட்டும் வேலை. காட்டின் நடுவே ஓர் ஏக்கர், அரை ஏக்கர் அளவில் மான்வேலி போட்டு, உள்ளே என்ன முளைக்கிறது, வெளியே என்ன முளைக்கவில்லை என்று ஊரார் கண்ணால் பார்க்கும்படி செய்யலாம். ராஸ் தீவில் பயணிகள் கையிலிருந்து மானுக்குத் தின்பண்டம் போவதை நிறுத்தலாம். கொல்லைக்காரருக்கு ஒருமுறை மானியத்தோடு கை கழுவாமல், துருப்பிடித்த வேலியை மாற்றவும் உதவலாம். அந்த வேலிச் செலவு அவர் உண்டாக்கிய செலவு அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்ன அந்தமான் இருக்கிறது. ஓங்கே மக்களின் தீவு. ஹட் பேயில் தமிழ்க் குடும்பங்களும் வங்காளிகளும் நிக்கோபாரிகளும் வாழும் தீவு. டங்கன் நீரிணை அதை மற்றத் தீவுகளிலிருந்து பிரிக்கிறது. மான் நீந்திக் கடக்க முடியாத தூரம், யாரும் இதுவரை ஏற்றிச்செல்லவும் இல்லை. அங்கே மான் இல்லை. அங்கே எந்தக் கொல்லைக்கும் மான்வேலி தேவையில்லை, காட்டின் கீழடுக்கு இன்னும் அடர்ந்திருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து ஹட் பேக்குப் போகும் கப்பலில் உயிருள்ள விலங்கு ஏறுவதற்கு முன் துறைமுகத்திலேயே தடுக்கும் ஓர் ஆணை, அதை நிறைவேற்ற இரண்டு பேர், ஹட் பேயில் இறங்கும் மீன்குஞ்சுப் பைகளைப் பிரித்துப் பார்க்க ஒரு தொட்டி. கேட்பது இவ்வளவே. இதை இந்த ஆண்டே செய்துவிட முடியும்.